சென்றியில் பழகிய பாட்டு

அக்காவுக்குப் பிடித்த பாட்டு ஒன்று இருந்தது. வானொலியில் அது வந்தால், சூடான ஸ்திரிக்கைப் பெட்டியைச் சேலையின்மேல் வைத்தபடியே நின்றுவிடுவாள். சேலைதான் பாவம். கனடா மாப்பிள்ளை சரிவந்தபோது, கலியாணத்தில் அதை நான் கிற்றாரில் வாசிக்க வேண்டும் என்று கேட்டாள். போனால் எப்போது திரும்புவாளோ தெரியாது. நானும் மண்டையை ஆட்டிவிட்டேன். அதுவரை கிற்றாரைத் தொட்டதுகூட இல்லை.

கிற்றார் பழக்குபவர் வெள்ளவத்தையில் இருந்தார். எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில். வீட்டில் தட்டிப் பார்க்க அம்மா விடவில்லை. புதுச் சத்தம் கேட்டால், யாரோ புதிதாக வந்து தங்கியிருப்பதாக நினைத்து, வீட்டில் இருப்போரின் பதிவைப் பார்க்கப் பொலிஸ் வந்துவிடுமாம். யுத்த காலத்தில் அம்மாவின் நியாயங்களோடு மோத முடியாது.

ஆனால் வழியில் ஆமிக்காரர் நிற்கும் ஒரு சென்றி இருந்தது. பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிச் சோதிப்பார்கள். முதல் வகுப்பு முடிந்து திரும்பும்போது, என் முதுகில் இருந்த நீளப் பையைக் கண்ட ஆமிக்காரன் பின்னால் நகர்ந்து, நீயே திற என்று சைகை காட்டினான். திறந்தேன். அப்போதும் நம்பிக்கை வராமல் வாசித்துக் காட்டச் சொன்னான். அடையாள அட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பல்லில் கடித்துக்கொண்டு, தெரிந்ததைத் தட்டினேன்.

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கச்சேரிதான். பிழைவிட்டால் திரும்ப வாசிக்கச் சொல்லுவான். வெயிலில் நின்ற பஸ் சனம் என்னைத் திட்டித் தீர்த்தது. ஒழுங்காகப் பழகிக்கொண்டு பஸ்ஸில் ஏறும்படி கொண்டக்டர் கெஞ்சினார். அக்காவின் பாட்டில் முதல் சரணம் முடிந்ததும், "ஹரி, யன்ன" என்பான். சரி, போ என்று அர்த்தம். நானும் பையை மூடிக்கொண்டு ஓடுவேன். மற்றச் சரணத்தைப் பழக்குபவரைத் தவிர ஒருவரும் கேட்டதில்லை.

கலியாண மண்டபத்தில் மேடையேறினேன். கை தானாகவே அடையாள அட்டையை எடுத்துப் பல்லில் வைத்தது. சனம் சிரித்தது. முதல் சரணத்தில் ஒரு பிழையும் இல்லை. முடிந்ததும் கிற்றாரைப் பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடி, இறங்கிவிட்டேன். "மிச்சம் எங்கேடா?" என்று அக்கா கேட்டபோதுதான் உறைத்தது. அதற்குள் மைக்கை மாமா பிடித்துவிட்டார். மாமா பிடித்தால் விடமாட்டார். எனக்கு வெட்கத்தைவிட அழுகைதான் வந்தது.

பயணத்தன்று அக்கா கிற்றாரையும் கொண்டுவரச் சொன்னாள். வான் முழுக்கச் சொந்தக்காரர். வத்தளை தாண்டியும் செபமாலை ஓயவில்லை. அதற்குள் பாட்டுக்கு எங்கே இடம்? விமான நிலையத்துக்குக் கிட்டவாக ஒரு சென்றியில் மறித்தார்கள். பையைத் திற, வாசி. வீதியோரத்தில் அட்டையைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். முதல் சரணம் முடிந்ததும் இந்த ஆமிக்காரனும் கையைக் காட்டினான்.

"ஹரி, யன்ன."

நான் பையை எடுத்தேன். அக்கா வானில் இருந்து இறங்கி வந்தாள்.

"இன்ன மல்லி, தவ தியனவா," என்றாள் அவனிடம். பொறு தம்பி, இன்னும் இருக்கு.

அவன் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு பொறுத்தான். நான் அழுதழுது மற்றச் சரணத்தையும் வாசித்து முடித்தேன். பிறகு அவன் அக்காவைப் பார்த்து, "ஹரி, யன்ன" என்றான்.

அவள் போனாள்.