அண்ணியின் தொடரும் என் வாயும்

எனக்கு வாய் நீளம். நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், மற்றவர்களுக்கு வேலை மிச்சம். ஆனால் இது என் கதை இல்லை. எங்கள் சலவைக்கூடத்தில் ரோலர் இஸ்திரி ஓட்டுகிற அண்ணனின் கதை. கூடப் பிறந்தவர் இல்லை; பதினாறு வருஷம் ஒரே நீராவியில் வெந்ததில் அண்ணனாகிப் போனவர்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் துணியெல்லாம் எங்களிடம்தான் வரும். அழுக்கு மூட்டையைப் பிரித்து, விரிப்பு, போர்வை, தலையணை உறை என்று தனித்தனியாகப் போடுவது என் வேலை. துவைத்துக் காய்ந்ததும் அவர் ரோலரில் விட்டு எடுப்பார். இரண்டு கையிலும் முழங்கை வரை சூடு பட்ட தழும்பு. பேச்சில் மகா கஞ்சம். மூன்று தடவை கூப்பிட்டால் ஒரு தடவை திரும்புவார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். "எனக்கும் சேத்து அவ பேசிடுவா" என்பார். அவள் என்றால் அண்ணி. ஜன்னலோரத் தையல் மிஷினில் உட்கார்ந்து கிழிந்த விரிப்புகளைத் தைத்தவள். குழந்தை குட்டி இல்லை. வீட்டிலும் அவர்கள் இரண்டு பேர்தான், வேலையிலும் எதிரெதிரே அவர்கள்தான்.

அண்ணிக்குப் போனில் ஒரு பைத்தியம் இருந்தது. தினம் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. நாலெழுத்துச் சொல், ஆறு வாய்ப்பு. நாம் அடிக்கும் சொல்லில் எழுத்தும் இடமும் சரியென்றால் பச்சை. எழுத்து உண்டு, இடம் வேறென்றால் மஞ்சள். இல்லவே இல்லையென்றால் சாம்பல். இடம் சரி, காலோ கொம்போ மட்டும் வேறென்றால் ஒரு சின்னப் புள்ளி. எல்லோருக்கும் அன்றைக்கு ஒரே சொல்தான். விடாமல் கண்டுபிடித்துக்கொண்டே வந்தால் 'தொடர்' என்று ஓர் எண் ஏறும். ஒரு நாள் தவறினால் பூஜ்யம்.

இந்த விஷயத்தில் அண்ணி படு கறார். "பாக்கக் கூடாது, கேக்கக் கூடாது, சொல்லக் கூடாது." ஒரு நாள் டீ நேரத்தில் நான் விடையை உளறப் போக, கையிலிருந்த அளவு டேப்பால் என் முழங்கையில் ஒன்று வைத்தாள். "உன் வாயை மிஷின்ல குடுத்துத் தச்சுடுவேன்டி" என்றாள். அன்றைக்கே தைத்துத் தொலைத்திருக்கலாம்.

போன வருஷம் அவளுக்கு நுரையீரல் கெட்டுப்போயிற்று. நாங்கள் துவைத்து அனுப்பிய விரிப்பிலேயே ஐந்து வாரம் கிடந்தாள். கடைசி நாள் காலையிலும் மூக்கில் குழாயோடு ஆடினாள். தொடர் முன்னூற்றுப் பதினொன்று. சாயங்காலம் போய்விட்டாள்.

மறுநாள் மேஜைமேல் கிடந்த அவள் போன் மணியடித்தது. 'இன்றைய சொல் காத்திருக்கிறது' என்று திரையில் வந்ததாம். வாழ்நாளில் அந்த விளையாட்டைத் தொட்டிராத மனுஷன், கண்ணைத் துடைத்துத் துடைத்து ஆறாவது வாய்ப்பில் கண்டுபிடித்திருக்கிறார். முன்னூற்றுப் பன்னிரண்டு.

"அவ போயிட்டான்னு அதுக்கு இன்னும் தெரியல தங்கச்சி" என்றார் என்னிடம். "அது பாட்டுக்கு ஏறிட்டிருக்கு. நிக்க விடக் கூடாது."

நான் வாத்தியாரானேன். "சொல்லிக் குடுக்கிறது தப்பில்லையே?" என்று பயந்து பயந்து கேட்டார். வழி சொல்வது தப்பில்லை, விடை சொல்வதுதான் தப்பு என்றேன். அண்ணி எப்போதும் முதலில் அடித்த 'விடுதலை'யையே அடிக்கச் சொன்னேன். சாம்பலான எழுத்தை மறுபடி தொடாதீர்கள், புள்ளியை விடாதீர்கள் என்று கரடியாய்க் கத்தினேன். எல்லாம் மண்டையில் ஏறியது, ஒன்றைத் தவிர. பாதிச் சொல் பச்சையாகி மீதிக்கு ஏகப்பட்ட சொற்கள் பொருந்துகிறபோது, ஒரு வாய்ப்பை வேறு சொல்லில் செலவழித்து எழுத்துகளைச் சலித்துப் பார்க்க வேண்டும். "வேணும்னே தப்பா அடிக்கச் சொல்றியா? போம்மா" என்றுவிட்டார். ஆனாலும் நூற்று எழுபத்து நாலு நாள் விடாமல் இழுத்துக்கொண்டு வந்தார். நானூற்று எண்பத்தைந்து.

அதற்கு மறுநாள்தான் அது நடந்தது. காலையில் பஸ்ஸிலேயே நான் முடித்துவிட்டேன், விடை தலையணை. டீ இடைவேளையில் அவர் அண்ணியின் போனை எடுத்தார். விடுதலை அடித்தார், 'த'வும் 'லை'யும் மஞ்சள். அடுத்தது தலைவலி, தலை பச்சை. நான் உள்ளுக்குள் துள்ளினேன். பிறகு தலைப்பு. பிறகு தலைமுடி. இரண்டும் வீண்.

"அண்ணே, ஒண்ணைச் சலிக்கிறதுக்குச் செலவு பண்ணுங்கண்ணே."

"சும்மா இரு."

ஐந்தாவதாகத் தலையாரி. மூன்றாம் எழுத்தில் புள்ளி விழுந்தது. மிச்சம் ஒரே வாய்ப்பு.

டீ ஆறிப்போனது. அவர் முகத்தில் வேர்வை அரும்பியது. அடக் கடவுளே, நாள் முழுக்கத் தலையணை உறையைத் தேய்க்கிற மனுஷன்! முழங்கை இடிக்கிற தூரத்தில் இருநூறு உறை குவிந்து கிடக்கிறது! அவர் 'த' அடித்தார், 'லை' அடித்தார். கொஞ்ச நேரம் கழித்து 'ய' அடித்தார். விரல் அந்தரத்தில் நின்றது. வேலை தொடங்கும் மணி எந்த நிமிஷமும் அடிக்கும்.

"தலையணைண்ணே! தலையணை!" என்று கத்திவிட்டேன்.

அவர் விரலை மெதுவாக எடுத்தார்.

"எனக்கு வந்துடுச்சு தங்கச்சி. நீ சொல்றதுக்கு ஒரு நொடி முன்னாடி வந்துடுச்சு." அப்புறம் தலையை ஆட்டிக்கொண்டார். "இல்ல, வந்த மாதிரி இருந்துச்சு. இப்ப எனக்கே தெரியல."

"வந்துடுச்சுல்ல? அடிங்க! நான் சொன்னதைக் கணக்குல சேக்காதீங்க."

"எப்படிம்மா சேக்காம இருக்கிறது? காதுல விழுந்துடுச்சே."

"யாருண்ணே பாக்கப் போறா?"

"அவ நம்பர்மா இது. இதுல திருடி ஒண்ணு ஏத்தச் சொல்றியா?"

கெஞ்சினேன். காலில் விழாத குறை. அவர் 'ய'வை அழித்துவிட்டு, 'மு' சாம்பல் என்று தெரிந்தே, தலைமுறை என்று அடித்தார். திரை விடையைக் காட்டியது. கீழே தொடர் பூஜ்யம் என்று வந்தது.

நான் தலையிலடித்துக்கொண்டு அழுதேன். "விடும்மா, நீ நல்லதுக்குத்தானே சொன்ன" என்று என் தோளைத் தட்டினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும். மணி அடித்தது. எழுந்துபோய் உறைகளை ஒவ்வொன்றாக ரோலரில் விட ஆரம்பித்தார்.

மறுநாள் அவர் அந்தப் போனைக் கொண்டுவரவில்லை. டீ நேரம் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். கடைசியில் முடியவில்லை.

"புதுசா ஆரம்பிக்கலாம்ணே. சத்தியமா நான் பக்கத்துலகூட வர மாட்டேன்."

"ஆடினா ஒண்ணுன்னு காட்டும்" என்றார். "அது நான் ஆடின ஒண்ணு. அதுல அவ எங்க இருக்கா?"

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். கையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"நேத்து கதவைத் திறந்து உள்ள போனேன் பாரு, அப்பதாம்மா வீட்டுல அவ இல்லன்னு தெரிஞ்சுது."