மூன்றாவது போத்தல்

அவருக்குப் புருவம் இல்லை. எங்கள் கோயில் திருவிழா வாணவேடிக்கைக்கு வாணம் கட்ட வந்தவர், வேலைக்கு இறுப்பிட்டிக் கிராமத்தில் ஆளில்லாத வீடொன்றைத்தான் கேட்டு வாங்கினார். கதவு, தேத்தண்ணிக் கோப்பை, தெருநாய், எதையும் புறங்கையால்தான் தொடுவார்.

வாண மருந்தைப் பிசையும் பசை முடிந்துவிட்டதென்று யாழ்ப்பாணத்திலிருந்து புதுப் பசை வாங்கிக் கொடுத்தேன். அவர் அதை உடனே கலக்கவில்லை. ஒரு போத்தலில் மருந்து, இன்னொன்றில் பசை, மூன்றாவதில் இரண்டும் சேர்த்து, எல்லாம் சிட்டிகையளவு போட்டு வெயிலில் வைத்தார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "திருவிழா நெருங்குது, அண்ணை. ரெண்டும் பேசாமல் கிடக்கிற சாமான்தானே?"

"ஓம், தனியக் கிடக்கேக்கை சாது. சேர்ந்தால் என்ன செய்யுமெண்டு சொல்லேலாது."

மூன்றாம் நாள் போத்தல்களை நிழலுக்கு எடுத்துவைத்தார். நெடுநேரம் கழித்து ஒவ்வொன்றிலும் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். முதல் இரண்டும் ஆறிப்போயிருந்தன. மூன்றாவது ஆறவில்லை, காய்ச்சல்காரரின் நெற்றிபோலச் சுட்டது. அந்த வெறும் வீட்டில் அது மட்டும் உயிரோடு இருந்தது.

"உந்தப் பசை வேண்டாம்" என்றார்.

விடைபெறக் கை நீட்டினேன். அவர் அதைப் பிடிக்காமல் என் மணிக்கட்டில் புறங்கையை வைத்தார். போத்தலில் வைத்ததைவிட அதிக நேரம் வைத்திருந்தார்.

"வீட்டிலை உம்மோடை ஆர் இருக்கினம்?"

"மனுசி மட்டும்தான்."

அவர் மூன்றாவது போத்தலைத் திரும்பிப் பார்த்தார். இரண்டடி பின்னால் தள்ளி நின்றார்.

அன்று என் வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன்.