அம்மி மேல் நின்ற கார்

அக்காவின் கல்யாணத்துக்குச் சம்பந்தி வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஜானவாசத்தன்று மாப்பிள்ளை திறந்த காரில் ஊர்வலம் வர வேண்டும். மாதுங்காவில் எங்கள் கட்டடத்திலேயே அப்பாவிடம்தான் அப்படி ஒரு கார் இருந்தது. கொஞ்சம் மிதப்பாகவே தலையாட்டிவிட்டார். ஜானவாசத்துக்கு முதல் நாள் வடாலாவில் ஒரு பள்ளத்தில் அதை இறக்கினார். முன் ஆக்சில் வளைந்து, இரண்டு பக்கப் பட்டை ஸ்பிரிங்குகளும் முறிந்தன. காரை மாடு இழுத்து வந்தது. யுத்த காலம், புது ஆக்சிலுக்கு எங்கே போவது என்று கராஜ்காரர் கையை விரித்துவிட்டார். அப்பா சாப்பிடவில்லை.

மறுநாள் காலை செம்பூரிலிருந்து அத்தையின் கணவர், எங்கள் அத்திம்பேர், கைவண்டியோடு வந்து இறங்கினார். அவரும் அப்பாவும் ஒரே மாதிரி கார் வாங்கி, யாருடையது உசத்தி என்று வாதாடி, பேச்சையே நிறுத்திக்கொண்டவர்கள். கைவண்டியில் ஓர் ஆக்சிலும் இரண்டு ஸ்பிரிங்குகளும் இருந்தன.

ஜாக்கி ஒன்றுதான் இருந்தது. மறுபக்கத்துக்குச் செங்கல் அடுக்கி, மேலே எங்கள் வீட்டு அம்மியை வைத்து முட்டுக்கொடுத்தார்கள். அம்மா வாசலுக்கு வந்து பார்த்துத் திகைத்தாள்.

"நாளைக்கு அவ மிதிக்க வேண்டிய அம்மின்னா அது."

"கார் எறங்கினா அம்மி வரும், மன்னி" என்று காருக்கு அடியிலிருந்து அத்திம்பேரின் குரல் வந்தது.

மத்தியானம் வரை அப்பா ஸ்பானர்களை நீட்டிக்கொண்டிருந்தார். பிறகு அத்திம்பேரிடம் மெதுவாகக் கேட்டார்.

"இதெல்லாம் எங்கே கெடச்சுது, மாப்பிள்ளே?"

"எங்கேயோ கெடச்சுது. பெரிய ஸ்பானரைக் குடுங்கோ."

அந்திக்குள் கார் இறங்கியது. கல்யாண மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகப் பவனி வந்தார். மறுநாள் அக்கா, மூலையில் துளி கிரீஸ் ஒட்டியிருந்த அம்மியை மிதித்தாள். அத்திம்பேரின் நகக்கண்களில் கறுப்பு போகவே இல்லை. அந்தக் கைகளை நினைத்தால் இன்றும் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு ரயிலில்தான் வந்தார். லீவுக்குச் செம்பூர் போனால், அவர் கார் முன்சக்கரம் இல்லாமல் செங்கல் மேல் நிற்கும். நாங்கள் ஏறி உட்கார்ந்து ஹார்ன் அடித்து விளையாடுவோம்.

"அத்திம்பேர் ரொம்ப நல்லவர்ப்பா, நாங்க விளையாடறதுக்குன்னே கார் வச்சிருக்கார்" என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா என் தலையைத் தடவினார். ஏதோ சமர்த்தாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.