தப்பா ஏதாச்சும் வந்தா

தொண்ணூறுகளின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அதை எங்கே வைப்பது என்று அப்பா ஒரு சனிக்கிழமை முழுக்க யோசித்தார். அவர் ரயில்வே அலுவலகத்தில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. இண்டர்நெட்டில் அசிங்கமெல்லாம் வருகிறது, பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று ஆபீசில் யாரோ ஓதிவிட்டார்கள். அன்றிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் திரிந்தார். கடைசியில் கூடத்தில், திரை வாசலைப் பார்த்தபடி வைத்தார். சமையல்கட்டிலிருந்து அம்மா பார்க்கலாம். தெருவில் போகிற ரொட்டிக்காரர்கூடப் பார்க்கலாம். எனக்கும் அக்காவுக்கும் அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான்.

"தப்பா ஏதாச்சும் வந்தா என்னைக் கூப்புடுங்க. பயப்படக் கூடாது. நீங்களா எதையும் தொடவும் கூடாது. சரியா?"

நல்ல சட்டம். இன்றைக்கு யோசித்தாலும் அதைவிட நல்ல சட்டம் எனக்குத் தோன்றவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது, இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்று. எனக்குப் பத்து. பள்ளியில் பாரம்பரிய நடனங்களைப் பற்றிப் படம் ஒட்டி ஃபோலியோ ஏடு செய்யச் சொல்லியிருந்தார்கள். அக்கா போன் ஒயரைக் கழற்றி மோடத்தில் மாட்டி, அது கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, படம் தேட உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன். ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்ததும் ஒரு பெட்டி முளைத்தது. அதை மூடினால் இன்னும் இரண்டு வந்தன. அக்கா சட்டென்று என் கண்ணைப் பொத்தினாள். மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அப்பா! இங்க வாங்கப்பா, தப்பா வருது!" என்று கத்தினாள். சொன்ன பேச்சைத் தட்டாத பெண்.

அப்பா ஓடி வந்து பார்த்தார். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். அடிக்கவில்லை, திட்டவில்லை. நல்ல பிள்ளை என்று ஒரு வார்த்தை சொல்லப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவரோ அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"போ. தலைக்குக் குளிச்சிட்டு வா."

சாவு வீட்டுக்குப் போய் வந்தால் எங்கள் வீட்டில் சொல்கிற வார்த்தை அது. அசிங்கத்தைப் பார்த்துவிட்ட பிள்ளையை என்ன செய்வது என்று அப்பாவுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். அம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை. வாளித் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்துக் குளியலறையில் வைத்துவிட்டு வந்து, கம்ப்யூட்டருக்குச் சாம்பிராணி காட்டினாள். சிரிப்பு வருகிறதா? எனக்கும் கொஞ்ச காலம் வந்தது.

ஈரத் தலையோடு வந்த அக்கா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். "நான் என்னடி செஞ்சேன்?" என்று கேட்டாள்.

"நான் பாக்கல. அதான் என்னைக் குளிக்கச் சொல்லல" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மறுநாளே கம்ப்யூட்டர் லோரி ஏறி, சாலாக் செலாத்தானில் பிள்ளைகள் இல்லாத பெரியப்பா வீட்டுக்குப் போனது. அக்கா பழைய காலண்டர்களிலிருந்து படம் வெட்டி ஃபோலியோவில் ஒட்டினாள். கோயிலில் யாராவது இண்டர்நெட் பேச்சை எடுத்தால் அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிடும். "நம்ம வீட்ல அந்தப் பிரச்சினையே இல்ல லா. நல்ல வேளை, நான் பாத்துட்டேன். உடனே தூக்கிட்டேன்" என்பார். அக்கா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

அடுத்த ஆண்டு அவள் பள்ளி வேனில் ஏறமாட்டேன் என்றாள். வாந்தி வருகிறதாம். வெயிலிலும் மழையிலும் நடந்தே போனாள். சாப்பாடு குறைந்தது, ஆள் பாதியானாள். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை. அம்மா கிளினிக்குக்கு அழைத்துப் போனாள், கோயிலில் கயிறு கட்டி வந்தாள். ஒரே அறையில் படுக்கிற எனக்கே ஒன்றும் தெரியவில்லை.

அதே வேனில் போகும் இன்னொரு பெண்ணின் தாய் ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தார். வேன் ஓட்டுகிற ஆள் பெண் பிள்ளைகளிடம் வாய் கூசுகிற பேச்செல்லாம் பேசுகிறானாம். அவர் மகள் அன்றுதான் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள்.

"உங்க மகதானே அண்ணே முன் சீட்ல உக்காருவா? அவகிட்டதான் ரொம்பப் பேசுவானாம். உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

அப்பா பேயறைந்தவர் மாதிரி ஆகிவிட்டார். அந்த அம்மாவோடு போலீசுக்குப் போகச் சட்டையை மாட்டியவர், பாதியில் விட்டுவிட்டு எங்கள் அறைக்கு வந்தார். அப்பா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல? எதுவா இருந்தாலும் அப்பாகிட்ட சொல்லலாம்ல?" என்று கேட்டார்.

அக்கா அழவில்லை. கோபப்படவும் இல்லை. பாடப் புத்தகத்திலிருந்து தலையை மட்டும் தூக்கினாள்.

"ஒரு தடவ சொன்னேனேப்பா."

"எப்பம்மா?" என்றார் அப்பா.

அவர் நடிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை.