செபஸ்தியாரிடம் சிக்கிய பிட்டம்

எரிவானியா செதுக்கியவற்றில் ஊர் மதித்தது ஒன்றைத்தான். அது அவளுடைய சொந்தப் பிட்டம். உம்புரானா மரத்தில், ஃபிரிட்ஜ் உயரத்துக்குச் செதுக்கி, மெழுகு தேய்த்து மினுமினுக்க வைத்திருந்தாள்.

சியாரா மாநிலத்தின் வறண்ட உள்நாட்டில், ரியாஷோ தோ பாத்ரே என்ற அந்த ஊரில் உடலுறுப்பு செதுக்குவது புதிதல்ல. கை சுகமானவர் மரக்கையையும், தலைவலி தீர்ந்தவர் மரத்தலையையும் புனித செபஸ்தியார் கோவிலின் அற்புத அறையில் வைத்து நேர்ச்சையை முடிப்பார்கள். எரிவானியாவின் அப்பா மெசியாஸ் சந்தையில் விற்றது இந்த உறுப்புகளைத்தான். பத்து வயதில் அவளுக்கு இடது கால் செதுக்கும் வேலை, அண்ணனுக்கு வலது கால். இருவருக்கும் அளவு ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. இரண்டு காலும் குணமானவர்கள் செபஸ்தியாருக்கு நொண்டிக் காணிக்கையைத்தான் கொண்டுபோனார்கள்.

பிறகு ஃபோர்த்தலேசாவில் நுண்கலைக் கல்லூரி. கலைஞரின் உடலே படைப்பு என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அவள் அதை நம்பிவிட்டாள். ஊர் திரும்பியதும் ஒரு சந்தை நாளில் இறைச்சிக் கடைத் தராசில் ஏறி மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தாள். பெண்ணுடலை எடைபோடும் உலகத்தைப் பற்றிய நிகழ்த்துகலை அது. கடைக்காரர் அறுபத்திரண்டு கிலோ என்று படித்துச் சொல்லிவிட்டு, இறங்கினால் ஆட்டை நிறுக்கலாம் என்றார். இன்னொரு முறை உடம்பெல்லாம் மரவள்ளி மாவு பூசிக்கொண்டு காய்ந்த ஆற்றில் படுத்தாள். ஆடுகள் வந்து நக்கின. அதுவரை அவளுக்குக் கூடிய கூட்டங்களில் அதுதான் பெரியது. மற்ற நாட்களில் அப்பாவோடு உட்கார்ந்து முழங்கால் செதுக்கினாள்.

பிட்டம் அவளுடைய முப்பத்தொன்பதாவது வயதில் வந்தது. தையல் மெஷின் முன்னாலும் பஸ் நிலையக் கவுண்டரிலும் உட்கார்ந்து உட்கார்ந்தே தேய்ந்துபோகும் பெண்களைப் பற்றி அது பேசுவதாக ஒரு குறிப்பு எழுதினாள். அதைச் சக்கரப் பலகையில் கட்டி, வாய் திறக்காமல், தானே ஊர் வழியாக இழுத்துப்போவது நிகழ்ச்சி. ஜனவரி இருபதாம் தேதியைத் தேர்ந்தெடுத்தாள். அன்றைக்குத் தெருவில் கூட்டம் இருக்கும் என்பது அவள் எண்ணம். அந்தக் கூட்டம் செபஸ்தியார் திருவிழாவுக்கு வருகிறது என்பதை அவ்வளவாக யோசிக்கவில்லை.

மர உறுப்போடு வெயிலில் நடப்பவரை அந்த ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. வழிவிடுவார்கள். எரிவானியாவுக்கும் விட்டார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். இன்னொருத்தி காதோடு காதாக, தன் நாத்தனாருக்கும் மூலம்தான், மிளகாயை விட்டதும் அடங்கிவிட்டது என்றாள். எரிவானியா மறுத்திருப்பாள். ஆனால் பேசக் கூடாதென்று விதி போட்டவளே அவள்தான். கோவில் வாசலில் சக்கரம் கல்லில் மாட்டியபோது எட்டுப் பேர் ஓடி வந்தார்கள். மனசாரத் தூக்கி, அற்புத அறைக்குள் மரத்தலைகளுக்கும் மெழுகு மார்புகளுக்கும் நடுவில் இறக்கிவைத்துக் கைதட்டினார்கள். அவள் வாங்கிய முதல் கைதட்டல் அது. அதைக் கெடுக்க மனம் வராமல்தான் அன்றைக்குச் சும்மா இருந்துவிட்டாள்.

மார்ச் மாதம் சாவோ பாவுலோவிலிருந்து கடிதம் வந்தது. அவள் அனுப்பிய புகைப்படங்களைப் பார்த்து, ஒரு பெரிய கண்காட்சியில் பிட்டத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். திங்கட்கிழமை லாரி வரும். பதினாறு வருடமாக அனுப்பிய விண்ணப்பங்களில் முதன்முதலாக ஒன்றுக்குச் சரி என்று பதில்.

அற்புத அறைச் சாவி கோவிலைப் பார்த்துக்கொள்ளும் தோனா ஜசீராவின் இடுப்பில் இருந்தது. எரிவானியா கேட்டதும் அந்த அம்மாள் சாவியை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“அது உன்னுது இல்ல மகளே. செபஸ்தியாரோடது.”

“நான் நேர்ச்சையே வைக்கல தோனா ஜசீரா. அது கலை.”

“இங்க பாதி உங்கப்பன் செஞ்சதுதான். ஒரு விரலையாச்சும் திருப்பிக் கேட்டிருக்கானா அவன்?”

இதற்குள் பிட்டத்துக்கென்று பக்தர்களும் சேர்ந்திருந்தார்கள். லாரி ஓட்டும் எவிலாசியோ ஒன்பது வருடம் திண்டு இல்லாமல் உட்காராதவர். அதன் முன்னால் மண்டியிட்ட வாரமே திண்டைத் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் மனைவி மரியாதைக்காகச் சரிகை வைத்த உள்ளாடை ஒன்றைத் தைத்து அதற்குப் போட்டுவிட்டாள்.

எரிவானியா இரண்டு நாள் வந்து நின்றாள். மூன்றாம் நாள் தோனா ஜசீரா இறங்கி வந்தாள். நோய் திரும்பிவிட்டால் கணக்கு வேறு. செபஸ்தியார் தம் பங்கைச் செய்யவில்லை என்றாகிறது, பொருளை எடுத்துப்போகலாம். ஆனால் ஞாயிறு பூசையில் எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

தராசில் உட்கார்ந்தபோதும் மாவோடு படுத்தபோதும் வராத வெட்கம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல் பெஞ்சில் எவிலாசியோ சௌகரியமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கூடிற்று. ஆனால் மறுநாள் லாரி.

“திரும்பி வந்துடுச்சு,” என்றாள்.

எது என்று கடைசி பெஞ்சில் காது மந்தமான ஒருவர் கேட்டார். பக்கத்திலிருந்தவர் கோவிலே கேட்கும்படி விளக்கினார். பங்குச்சாமியார் கூரையைப் பார்த்தார்.

எவிலாசியோ எழுந்து திரும்பினார். “எனக்குச் சொகமாச்சே, உனக்கு எப்படிப் புள்ள ஆகாம போச்சு? மிளகா தின்னியா?”

தின்றேன் என்று தலையாட்டினாள்.

“சரி, எடுத்துட்டுப் போ. சொகமானதும் ரெண்டு மடங்கா செஞ்சு கொண்டாந்து வெச்சிடு.”

கோவில் மொத்தமும் அவள் முகத்தைப் பார்த்தது. செபஸ்தியாரும் பார்த்தார். உடம்பெல்லாம் அம்போடு, உட்கார வழியில்லாமல், கம்பத்தில் கட்டுண்டு நின்றவர். எரிவானியா சத்தியம் செய்தாள். அதே எட்டுப் பேர் பிட்டத்தை லாரியில் ஏற்றினார்கள்.

சாவோ பாவுலோவில் பிட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, தொடக் கூடாது என்று பலகை வைத்தார்கள். ஒயின் கிளாஸோடு வந்தவர்கள் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். ஒருவர் உள்ளாடையைக் காட்டி, அது அதிகார எதிர்ப்பின் குறியீடா என்றார். ஆமாம் என்றாள். மூன்று நாள் பக்கத்திலேயே நின்றாள். யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை, மிளகாயைப் பற்றியும் எச்சரிக்கவில்லை.

கண்காட்சிக்காரர்கள் சிற்பத்துக்குத்தான் போக்குவரத்து ஏற்பாடு செய்திருந்தார்கள், சிற்பிக்கு அல்ல. அவள் பஸ்ஸில் திரும்பினாள். இரண்டரை நாள் பயணம். மீனாஸ் தாண்டும்போது ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பாயியாவில் இருக்கை நுனிக்கு வந்தாள். பெர்னாம்புகோ மாநிலம் முழுவதையும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே கடந்தாள்.

பஸ் நிலையத்தில் எவிலாசியோ இருந்தார். அவள் படியிறங்கிய விதத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். தன் லாரிக்குள் தேடி, தூக்கிப் போட்டதாகச் சொன்ன அந்தத் திண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

பட்டறையில் மெசியாஸ் முழங்கால் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுத்தது கலையா, நேர்ச்சையா என்று மகளைக் கேட்டார்.

“அந்தப் பெரிய மரத்த உருட்டுங்கப்பா. ரெண்டு மடங்குனு சொல்லியிருக்கேன்,” என்றாள்.

அவர் முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நின்றபடியே உளியை எடுத்தாள்.