விவரம் இல்லையென்றால் லேட்

மணிகண்டபிரபு தென்காசியில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து பிழைக்கிறவன். ஆட்களின் விவரத்தைக் கம்ப்யூட்டரின் 'விம்' எடிட்டரில், தலைப்புக்கு ஒரு பதில் என்று, டிக்‌ஷனரியாகத் தட்டிவிட்டால், அவன் எழுதிய ஸ்கிரிப்ட் என்ற குட்டி ப்ரோக்ராம் மொத்த வாசகத்தையும் கோத்துக் கொடுத்துவிடும். பெரிய வித்தை ஒன்றுமில்லை, சோம்பேறித்தனம்தான்.

ஆரம்பத்தில் அது அடிக்கடி மக்கர் பண்ணியது. பெற்றோர் பெயரோடு 'இருப்பு' என்று ஒரு கீ, அதாவது தலைப்பு, வைத்திருந்தான். உயிரோடு இருப்பவரென்றால் வாடிக்கையாளர்கள் 'உண்டு' என்பார்கள். செத்தவரென்றால் வாயே திறக்க மாட்டார்கள். நல்ல காரியம் பேசுகையில் யாருக்கு அதைச் சொல்ல மனசு வரும்? கீ இல்லாத இடத்தில் ஸ்கிரிப்ட் சிவப்பாகப் பிழை காட்டி நின்றுவிடும். சலித்துப்போய் 'கெட்' ஃபங்ஷனைப் போட்டான். கீ இருந்தால் அதை எடு, இல்லையென்றால் 'லேட்' என்று வைத்துக்கொள். அதற்குப் பிறகு ஒரு பத்திரிகையும் தப்பவில்லை. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான், பாவி.

அவன் அப்பா மாடக்கண்ணு குற்றாலத்தில் சீசனுக்குப் பழக்கடை போட்டவர். ஒரு சாரல் நாளில் கடையைத் திறந்தபடி விட்டுப் போனவர்தான். ஆறு வருஷமாக ஒரு தகவலும் இல்லை. அம்மா ரெங்கம்மாள் நெற்றியில் குங்குமம் மட்டும் ஒரு நாளும் குறையவில்லை.

தங்கை மஞ்சுவுக்குக் கல்யாணம் கூடியது. அம்மா ஒவ்வொரு பெயராகச் சொல்ல அவன் தட்டினான். அப்பா பெயர் வந்ததும் அவளும் நிறுத்தினாள், அவனும் நிறுத்தினான். 'உண்டு' என்று எதை நம்பித் தட்டுவது? பெயரை மட்டும் தட்டி, 'இருப்பு' கீயைப் போடாமலே விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டான். ப்ரூஃபில் தேதியும் மண்டபமும் சரியா என்று மட்டும் பார்த்தான்.

பத்திரிகைக் கட்டு குத்துக்கல்வலசையில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்தது. மஞ்சள் தடவ ஒன்றை எடுத்த ரெங்கம்மாள், எழுத்துக்கூட்டி வாசித்தாள். 'லேட் மாடக்கண்ணு' என்ற இடத்தில் விரல் நின்றது.

"ஏலே, எங்கன வச்சுக் கண்ண மூடுனாரு? ஒனக்கு எப்பத் தெரியும்? எங்கிட்ட மறைச்சிட்டியே."

"ஐயோ, இல்லம்மா! ஒரு தகவலும் வரல. கம்ப்யூட்டர் அதுவாப் போட்டுட்டு."

"அதுக்கு யாரு சொன்னா?"

ஸ்கிரிப்டில் ஒரு வரியை மாற்றலாம், பத்திரிகையைத் திரும்ப அடிக்கலாம். அவள் வாசித்ததை என்ன செய்வது? நிஜமாகவே தெரியாது என்று அவன் அழுது சொன்னதை அவள் நம்பவே இல்லை.

ரெங்கம்மாள் முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். பிறகு மஞ்சள் கிண்ணத்தை மஞ்சுவின் பக்கம் தள்ளிவைத்தாள்.

"கல்யாணத்தன்னைக்கு ஆலாத்தியை ஒங்க சித்தி எடுக்கட்டும்" என்றாள்.