சமையலறைப் பக்கத்துக் கதவு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டத்தில் கொஞ்ச நாள் ரப்பர் வெட்டினேன், எம்பிலிப்பிட்டியவில் வாழைக்குலை சுமந்தேன். எங்கேயும் ஒரு வருடம் தாண்டி நின்றதில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு அலுமினியக் கதவு பொருத்தும் ஒரு பாஸிடம் கையாளாக மட்டும் கூடுதல் காலம் இருந்தேன். கண்ணாடியில் எத்தனை வகை உண்டு என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

கித்துல்கலயில் ஆற்றைப் பார்த்தபடி வசதியான ஒரு சிங்கள மாத்தயா வீடு கட்டினார். அந்தக் குடும்பத்துக்குச் சமைத்துப்போட்டது என் அக்கா. கதவு வேலையை எங்களுக்குப் பேசிக் கொடுத்ததும் அவள்தான்.

மாத்தயா ஒன்றும் தெரியாதவர் இல்லை. ஹாலில் ஆற்றுப் பக்கம் முழுவதும் மடக்குக் கதவு. பின்னேர வெயில் நேராக அடிக்கும், ஏசியின் குளிர் நிற்காது, கரண்ட் வீணாகும். அதனால் நடுவே காற்றை அடைத்த இரட்டைக் கண்ணாடி கேட்டார். பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடும் இடம் என்பதால் அது டெம்பர் பண்ணியதாக இருக்கவேண்டும் என்றார். டெம்பர் கண்ணாடி உடைந்தால் கல்லுப்பு மாதிரி உதிரும். வெறும் கண்ணாடி கத்தி கத்தியாகப் பிளக்கும்.

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த தள்ளுக் கதவுக்கு வெறும் கண்ணாடி போதும் என்றார்.

அதற்கும் டெம்பர் போடுவது நல்லது என்று சிங்களத்தில் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பக்கம் வேலையாட்கள்தானே போவார்கள், சின்னப் பிள்ளைகள் இல்லையே என்று சிரித்தார். அவர் போனதும் பாஸ் என்னைப் பார்த்தார்.

"ஒன்கிட்ட யாருடா கேட்டா? அவரு வீடு, அவரு கண்ணாடி. அந்தப் பக்கத்தப் புடி."

பிடித்தேன். பொருத்தி முடித்து, புதுக் கண்ணாடி கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்று சோப்பால் பெரிய பெருக்கல் குறி போட்டேன். அக்காவிடம் பார்த்து நடக்கச் சொன்னேன்.

"இருவது வருசமா பெரிய வீடுகள்ல நடக்குறேன். நீ எனக்கு நடக்கச் சொல்லித் தர்றியா?" என்று கேலி பண்ணினாள்.

குறியை நான் என் கண் உயரத்தில் போட்டிருந்தேன். எங்கள் தோட்டத்து ஆட்கள் பெரிய வீட்டுக்குள் தலையைக் குனிந்து, தரையைப் பார்த்துத்தான் நடப்பார்கள். எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. இருந்தும் அது நினைவுக்கு வரவில்லை.

மாத்தயா குடும்பம் குடிபுகுந்த அன்று நான் வெளியே ஒரு பூட்டைச் சரிபண்ணிக்கொண்டிருந்தேன். அதுவரை அந்தக் கதவு பகலெல்லாம் திறந்தே கிடந்தது. அன்று ஹாலில் விருந்தாளிகள்; குளிர் வெளியே போகிறது என்று யாரோ சாத்திவிட்டார்கள். அக்கா தேநீர்க் கோப்பைகள் நிறைந்த தட்டோடு வேகமாக வந்து மோதினாள். நான் ஓடிப் போனபோது வலது மணிக்கட்டை முந்தானைக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உடைந்த கோப்பைகளுக்காக வீட்டுக்கார நோனாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். நரம்பு அறுந்துவிட்டது, இரண்டு விரல் இனி மடங்காது என்றார்கள். பிஸ்கட் டின்னோடு பார்க்க வந்த மாத்தயாவிடம், தான்தான் கவனிக்காமல் வந்ததாக அக்கா சொன்னாள். அவரும் தலையாட்டினார். நான் பிஸ்கட் டின்னை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து அந்த வீட்டிலிருந்து பாஸுக்கு அழைப்பு வந்தது. சமையலறைப் பக்கக் கதவுக்கும் டெம்பர் கண்ணாடி போட்டோம். அடுப்படியில் வேறு பெண் நின்றாள்.

தோட்டத்து லயத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். வாசலில் உட்கார்ந்து இடது கையால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கண்ணாடி அப்பவும் கடையில இருந்திச்சா?"

"இருந்திச்சிக்கா."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் அரிசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த கிழமை நான் பாஸிடம் சொல்லாமலே வேலையை விட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.